கோணாமல் ஓடும் மோட்டார்

சேகர்,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கே சோறு சரியாக இறங்கவில்லை. "போதும்மா. கொட்டாயில நிக்கிற மிஷின பெர்சா பண்ண வாணாம். சின்ன மோட்டாரா மூணு வாங்கியாந்து மாட்டிடறேன், படகுக்குப் பேர்ப்பலகை வெட்டலாம். கோதண்டம் மாமாவே போன் பண்ணி நாலஞ்சு பலகைக்கு ஆர்டர் தரேன்னு சொல்லிக்கீறாரு. என் கல்யாணத்துக்கும் வரேன்னாரு," என்றாய். நான் வெறும் "ம்" போட்டேன். பக்கத்தில் உன் நைனா உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் சொல்ல நினைத்தது எதுவும் அவர் காதில் விழக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன். என் அண்ணன் கோதண்டத்தின் படகுக்கு, என் வீட்டுக் கொட்டகையில், என் மகன் கட்டிய மிஷினில் பேர் செதுக்கித் தர வேண்டுமா? அதற்கு அந்த மிஷினைத் தூக்கி ஏரியில் போட்டுவிடலாம். நண்டாவது குடியிருக்கும்.

எந்த மோட்டார் வாங்க வேண்டும் என்று இதில் எழுதுகிறேன். ஏன் என்றும் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் நீ கடைக்குப் போவதற்கு முன் இரண்டையும் படித்துவிடு. மீஞ்சூர் கடையில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றியே உன்னைப் படிக்க வைத்தவள் நான். மோட்டார் விஷயத்தில் என்னிடம் சும்மா பேசித் தப்பிக்க முடியாது என்று உனக்குத் தெரியும்.

மாமன் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீ கேட்டதே இல்லை. பட்டறையைப் பிரித்துக்கொண்டார்கள், அதனால் மனஸ்தாபம் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறாய். பிரித்துக்கொள்ளவில்லை சேகர், திருடினான். உன் நைனாவும் அவனும் சேர்ந்து ஃபைபர் படகுப் பட்டறை ஆரம்பித்தார்கள். ஃபைபர் படகுக்கு முதலில் மரத்தில் அடித்து, மேலே பட்டி பூசி, முழுப் படகின் உருவத்தைச் செய்ய வேண்டும், அதுதான் மாடல். அதன்மேல் கண்ணாடி நார்ப்பாயும் பசையும் பூசி எடுக்கிற ஓடுதான் மோல்டு. அந்த மோல்டுக்குள் எத்தனை படகு வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். மாடலை உன் நைனா ஒற்றை ஆளாகச் செய்தார். ஏரிக்கும் முகத்துவாரத்துக்கும் ஏற்ற உருவம், வயிறு அகலம், மூக்கு கூர்மை. மோல்டு பூசிய மறுநாள் குழந்தையாக இருந்த உனக்குக் கடுமையான ஜுரம் வந்து வலிப்பும் கண்டது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மோல்டு நன்றாக இறுகி, வெளிப்பக்கம் இரும்புச் சட்டம் ஒட்டிய பிறகுதான் அதை மாடலிலிருந்து கழற்ற வேண்டும். அதற்கு முன்னால் தூக்கினால் முறுக்கிக்கொள்ளும். இது கோதண்டத்துக்கும் தெரியும். ஆனால் நாங்கள் ஊரில் இல்லாத நேரம் அவனுக்கு வாகாக இருந்தது. பச்சையாக இருந்த மோல்டைப் பிய்த்து, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் தன் மாமனார் ஊருக்குக் கொண்டுபோய்விட்டான். வேறு யாரும் இன்னொரு மோல்டு எடுக்கக்கூடாதென்று மாடலை உடைத்துக் கொளுத்தியும் விட்டான். உன்னைப் பிழைக்க வைத்துத் தோளில் போட்டுக்கொண்டு நாங்கள் வந்தபோது கொட்டகையில் சாம்பலை நாய் கிளறிக்கொண்டிருந்தது.

அதோடு போயிருந்தால்கூட நான் மறந்திருப்பேனோ என்னவோ. மோல்டு முறுக்கியிருந்தது. அதில் வார்த்த படகெல்லாம் இடது பக்கம் இழுத்தன. வாங்கியவர்கள் சண்டைக்குப் போனபோது என் அண்ணன் சொன்ன பதில் இதுதான்: "நான் இன்னா பண்றது? மாடலு செஞ்சது மச்சான். அவன் கையே கோணல்." ஊர் நம்பிவிட்டது. ஏனென்றால் மாடல் செய்தது யார் என்பது எல்லோருக்கும் தெரியும், மோல்டை எப்போது பிய்த்தான் என்பது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு உன் நைனாவுக்கு வைத்த பேர்தான் கோணக்கை. பள்ளிக்கூடத்தில் உன்னைக் கோணக்கை மவன் என்று கூப்பிட்டார்கள். நீ அழுதுகொண்டே வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாய். உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. அதன் பிறகு அவருக்கு யாரும் படகு வேலை தரவில்லை. அடுத்தவன் படகில் மீன்பிடிக்கப் பங்குக்கு ஆளாகப் போனார், இன்றும் போகிறார். போவதும் அந்த இடப்பக்கம் இழுக்கிற படகில்தான். இந்த ஏரியில் பாதிப் படகு அந்த மோல்டில் பிறந்ததுதானே.

உன் நைனாவைக் கேட்டால், "உடுமே. அவனுக்கும் புள்ள குட்டி கீது," என்பார். அவர் மன்னிப்பது அவர் இஷ்டம். அந்த மன்னிப்பில் எனக்குப் பங்கு வேண்டாம்.

பொங்கல் லீவில் நீ கொட்டகையில் அந்த மிஷினைக் கட்டியபோது எனக்கு வந்த சந்தோஷம் உன் கல்யாணம் நிச்சயமான அன்றுகூட வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. கம்ப்யூட்டரில் வரைந்ததைப் பலகையில் அப்படியே வெட்டும் என்றாய். உடனே எனக்குத் தோன்றியது ஒன்றுதான். படகின் உருவத்தைக் குறுக்கே துண்டு துண்டாக நினைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் பிளைவுட்டில் ஒரு சட்டம் வெட்டி, வரிசையாக நட்டு, மேலே மெல்லிய மர ரீப்பர் அடித்துப் பட்டி பூசினால் அதுதான் மாடல். சட்டத்தின் இடதும் வலதும் மயிரிழை மாறாமல் இருந்தால் மாடல் கோணவே கோணாது. உன் நைனா மறுபடி கையால் செய்தால் கோணக்கை செய்தது என்பார்கள். மிஷினுக்கு ஏது கை? நீ கேட்கக் கேட்க அவர் பழைய அளவையெல்லாம் மனசிலிருந்து சொன்னார், நீ வரைந்தாய். சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்திருந்தது, கவனித்தாயா?

முதல் சட்டத்தை வெட்டினோம். அதைச் சுற்றிக் கோடு போட்டு, புரட்டி அந்தக் கோட்டின்மேலேயே வைத்துப் பார்த்தால் ஒரு விரல்கடை வித்தியாசம். சரியாக அந்த நேரத்தில் கரும்புக் கட்டோடு பொங்கல் விசாரிக்க வந்து நின்றான் உன் மாமன். இத்தனை வருஷம் வாசல் மிதிக்காதவனுக்கு அன்றைக்கு மூக்கு வேர்த்திருக்கிறது. சட்டத்தை எடுத்துப் பார்த்தான், சிரித்தான், உன் தோளைத் தட்டினான். "உட்றா மாப்ள. ரத்தம் அப்டி," என்றான். நீயும் கூடச் சிரித்தாய். உன் நைனா கரும்பை வாங்கி ஓரமாகச் சாத்தி வைத்தார். நான் டீ போட உள்ளே போனேன், சர்க்கரை போடாமல் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகவும்தான் இத்தனையும். என் பிள்ளையின் ரத்தத்தையும் கோணல் என்று சொல்லிவிட்டு, இப்போது பேர்ப்பலகைக்கு ஆர்டர் தருகிறானாம்.

நீ கிளம்பின பிறகு மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். மிஷின் ஏன் கோணியது என்று உனக்கும் தெரியும், ஆனால் நீ ஒப்புக்கொள்ளவில்லை. கட்டரைச் சுமந்துகொண்டு போகிற பாலம் எட்டடி நீளத்துக்குப் போய் வருகிறது. அதை இரண்டு ஓரத்திலும் இரண்டு மோட்டார் இழுக்கின்றன. கரைவலை இழுக்கும்போது ஒரு பக்கத்து ஆட்கள் பிடி தளர்ந்தால் வலையே சாய்ந்துவிடும் அல்லவா, அதேதான். நீ வாங்கியது சாதாரண ஸ்டெப்பர், துளித்துளி ஸ்டெப்பாக எண்ணி நகர்கிற மோட்டார். இத்தனை ஸ்டெப் போ என்றால் போகும். பலகையில் ஒரு முடிச்சு வந்து இடித்து நாலு ஸ்டெப் தவறிவிட்டால் அதற்கே தெரியாது. தவறினது தெரியாமல் மிச்ச வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே போகும். உன் நைனாவும் அப்படித்தான். எனக்கு வேண்டியது பின்பக்கம் என்கோடர் வைத்த ஸ்டெப்பர். அது தான் எங்கே நிற்கிறோம் என்று தானே பார்த்துக்கொள்ளும். தவறினால் பிடிக்கப் பார்க்கும், முடியாவிட்டால் நின்று கத்தும். இந்த வீட்டில் அப்படி ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாள், இன்னும் இரண்டு வரட்டும்.

பெரிதாகத்தான் பண்ண வேண்டுமென்றால் இதைவிட வேகமாக ஓடுகிற சர்வோ மோட்டார் போடலாம் என்று முன்பு ஒரு தரம் சொன்னாய். வேண்டாம். பிளைவுட்டை நிதானமாக வெட்டுகிற வேலைக்கு அந்த வேகம் தேவையில்லை. அதை ஓட்டுகிற டிரைவர் போர்டு கெட்டால் பழவேற்காட்டில் யார் பார்ப்பார்கள்? அப்புறம், பெட்டியின்மேல் போட்டிருக்கிற இழுவை எண்ணைப் பார்த்து ஏமாறாதே. அங்கேதான் போன தடவை தப்பு பண்ணினாய். மெல்லிய கம்பியில் நிறையச் சுற்று சுற்றினால் மோட்டார் நிற்கும்போது பிடி பலமாக இருக்கும், எண்ணும் பெரிதாகத் தெரியும். ஓட ஆரம்பித்தால் கரண்ட் காயிலுக்குள் ஏறுவதற்குள் அடுத்த ஸ்டெப்புக்கு நேரம் வந்துவிடும், பிடி போய்விடும். நீ மாட்டியிருந்தது அந்த ஜாதி. காயிலைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. இண்டக்டன்ஸ், அதாவது காயிலின் அந்த மந்தம், குறைவாக இருக்கிறதைக் கேட்டு வாங்கு, கடைக்காரன் முழித்தால் அவனிடம் மோட்டாரின் தாளைக் கேள், வேகத்துக்கு வேகம் இழுவை எப்படி இறங்குகிறது என்று அதில் கோடு போட்டிருக்கும். மின்சாரமும் இருபத்துநாலு வோல்ட் போதாது, நாற்பத்தெட்டு வேண்டும். டிரைவர் அதைத் தாங்குகிறதா என்று பார்த்து, அதற்கும் மேல் கொஞ்சம் இடம் விட்டு வாங்கு. மோட்டார் சட்டென்று நிற்கும்போது கரண்டைத் திருப்பித் தள்ளும். விலை கூடும், தெரியும். அதை என்னிடம் விடு.

ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி டிரைவர். இரண்டில் எது கத்தினாலும் இரண்டும் நிற்கிற மாதிரி அவற்றின் அலாரம் ஒயரைக் கன்ட்ரோலருக்குக் கொடு. ஒன்று நின்று இன்னொன்று ஓடினால் மறுபடி கோணல்தான், மறுபடி கரும்புக் கட்டோடு வந்து நிற்பான். பாலத்தின் இரண்டு ஓரத்துக்கும் தனித்தனியாகச் சென்சார் வேண்டும். காலையில் மிஷினைப் போட்டதும் ஒவ்வோர் ஓரமும் தன் இடத்தைத் தானே தேடிப்போய் நிற்க வேண்டும், பாலம் தானாகவே நேராகிவிடும். இதைச் செய்யத் தெரிந்த கன்ட்ரோலரைப் பார்த்து வாங்கு, எல்லாவற்றுக்கும் தெரியாது. லேப்டாப்பை நம்பாதே, பாதி வெட்டில் அது அப்டேட் கேட்டு நிற்கும். கையில் பிடித்து அழுத்துகிற கன்ட்ரோலராக இருந்தால் உன் நைனாவும் ஓட்டுவார். பாலம் வந்து அழுத்துகிற சுவிட்ச் எதையும் ஓரத்தில் வைக்காதே. இந்த உப்புக்காற்றில் நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளே வருஷம் தாங்காது. மூடின சென்சார், இரும்பு கிட்டே வந்தால் தானாகத் தெரிந்துகொள்கிறதே, அது. டிரைவர் பெட்டியில் ஃபேன் வைத்து ஓட்டை போட்டாய் பார், அந்த ஓட்டை வழியாக ஏரியே உள்ளே வந்து போர்டெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. பெரிய இரும்புப் பெட்டியாக வாங்கி ஓட்டையே இல்லாமல் மூடு, சூடு முதுகுத் தகடு வழியாகப் போகட்டும். போர்டுக்கு நான் வார்னிஷ் அடிக்கிறேன். கட்டர் மோட்டாரின் ஒயரைச் சென்சார் ஒயரோடு சேர்த்துக் கட்டாதே. மேலும் கீழும் போகிற மோட்டாருக்கு மட்டும் பிரேக் உள்ளதாக வாங்கு. நம் ஊரில் கரண்ட் போகாத நாள் உண்டா? போனால் கட்டர் தொப்பென்று இறங்கி, வெட்டின சட்டத்தில் குழி விழும்.

இத்தனை எதற்கு, மாமனை விட்டுத் தொலைக்கலாமே என்று இன்னமும் உனக்குத் தோன்றும். இரண்டு சங்கதி சொல்கிறேன். பக்கத்து வீட்டு ஏழுமலை போன வருஷம் தெற்கே எங்கோ செய்த ஒரு படகைப் பழசில் வாங்கி வந்தான். ஓட்டின அத்தனை பேரும், "வலப்பக்கம் இழுக்குதுப்பா, சனியன் புட்ச்ச போட்டு," என்று திட்டினார்கள். உன் நைனாவும் ஓட்டிப் பார்த்து அதையேதான் சொன்னார். வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் பஸ்ஸில் மீஞ்சூர் போகும்போது சட்டென்று புரிந்தது. அந்தப் படகு நேரான படகு. இடப்பக்கம் இழுக்கிற படகைப் பிடித்துப் பிடித்து இந்த ஏரிக்காரர்கள் கையெல்லாம் தானாகவே படகை வலப்பக்கம் தள்ளப் பழகிவிட்டது. கோதண்டத்தின் மோல்டு ஓர் ஊரின் கையையே கோணலாக்கி வைத்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் சொன்னேன். அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். அப்புறம், "ஒருவேள நெஜமாவே என் கைதான் கோணலோ இன்னாவோ. நீ எனுக்காகப் பேசற," என்றார்.

அதுதான் இரண்டாவது சங்கதி. ஊர் சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அவரே நம்பிவிட்டார். மோல்டைத் திருடியதை மன்னித்தாலும் இதை மன்னிக்க மாட்டேன். அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன், கோதண்டத்தைப் பழிவாங்காமல் விடுவதில்லை என்று. பழி என்றால் பழிதான், அதற்கு வேறு நல்ல பேர் வைக்க எனக்குத் தெரியாது.

உன் மாமனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறேன். பயப்படாதே, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் எல்லாம் வைத்து, நானே அவன் வாசலுக்குப் போய்க் கூப்பிடுகிறேன். பெண் வீடு ஏரிக்கு அக்கரையில் பசியாவரம். ரோடு இருக்கட்டும், பாலம் இருக்கட்டும், நம் வழக்கத்தில் மாப்பிள்ளை தண்ணீர் வழியாகத்தான் போக வேண்டும். மாப்பிள்ளை ஏறுகிற படகுக்குத் தாய்மாமன்தான் சுக்கான் பிடிக்க வேண்டும். அந்த மரியாதையை அவன் விடமாட்டான். வெள்ளை வேட்டி கட்டி, அந்தத் தங்க வாட்சையும் போட்டுக்கொண்டு வந்து பின்னால் உட்காருவான். அந்தப் படகு நம் படகாக இருக்க வேண்டும். இந்த மிஷின் வெட்டின சட்டத்தில், உன் நைனா சொன்ன அளவில், கோணாமல் பிறந்த படகு. கல்யாணம் ஆவணியில். இப்போது பங்குனி. நீ மோட்டாரோடு வந்தால் நேரம் இருக்கிறது.

இங்கே நம் ஊரே கரையில் நிற்கும், அங்கே பெண் ஊர் நிற்கும். அவன் இன்ஜினைப் போட்டு, பழகின கையால் படகை வலப்பக்கம் தள்ளுவான். படகு வலது ஓரத்து நாணல் பக்கம் போகும். திருப்புவான், மறுபடி போகும். இடுப்பளவு தண்ணீர், யாரும் சாக மாட்டார்கள். கொஞ்ச தூரம் போனால் கை பழகிக்கொள்ளும் என்று எனக்கும் தெரியும். எனக்கு அந்தக் கொஞ்ச தூரம் போதும். "போட்டு கோணல்," என்று அவன் வாய் திறப்பான், கண்டிப்பாகத் திறப்பான். அப்போது உன் நைனா எழுந்து போய்ச் சுக்கானை வாங்குவார். அதற்கு முன்னாலேயே படகைத் தண்ணீரில் இறக்கி, சுண்ணாம்புக்குளம் பக்கம் ஆள் இல்லாத இடத்தில் அவரைத் தனியாக ஓட்டிப் பழக வைத்திருப்பேன். அவர் கையில் அது கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். யார் கை கோணல் என்று நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. டீக்கடை பார்த்துக்கொள்ளும்.

உன் கல்யாண நாளை இதற்குப் பயன்படுத்துகிறேன் என்று வருத்தப்படுவாய். படு. உன் பெண்டாட்டியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், மீன்காரர் வீட்டுப் பெண்தானே, அவளுக்குப் புரியும். உனக்குச் சின்ன மோட்டார்தான் வேண்டுமென்றால் வாங்கி வா, நான் ஒன்றும் கேட்க மாட்டேன். உன் பையைத் திறந்து பார்த்தால் நீ யார் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிடும். பெரியதை வாங்கி வந்தால் ஒரே ஒரு வேலைதான் உனக்கு. சுக்கானை விட்டு எழுந்து வருகிற மாமனுக்கு உட்கார இடம் வேண்டும். மாலையோடு கொஞ்சம் நகர்ந்து உன் பக்கத்தில் மரியாதையாக உட்காரவை. நான் எதிர்ப் பலகையில் இருப்பேன். அவன் முகம் எனக்கு மறைக்காமல் பார்த்துக்கொள்.

அம்மா